குடோன் வாசலில் யார் யாருக்குக் காசு கொடுப்பது?

ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். விறகடுப்பு போதும், ஒரு இரும்புச் சட்டி போதும். தட்டின் மேல் அப்பியிருக்கும் பசையை ஈயமாக்கத்தான் கரியும் ஊதுலையும் வேண்டும். அதுவும் மனுஷனுக்குப் பல ஆயிரம் வருஷமாகத் தெரிந்த வேலைதான். பழைய பேட்டரி வியாபாரம் உலகம் முழுக்கக் குடும்பத் தொழிலாக வளர்ந்ததற்கு இந்த 327-ஐ விடப் பெரிய காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது காரணம் ஒன்றும் உண்டு. 1859-ல் பிரான்சில் பிளான்தே செய்துகாட்டிய ஈய-அமில பேட்டரியும் இன்றைக்கு லாரியில் இருப்பதும் அடிப்படையில் ஒரே சாமான்: டப்பா, ஈயத் தட்டு, ஆசிட். எடையில் பாதிக்கு மேல் ஈயம். எந்தக் கம்பெனி, எந்த வருஷம் என்றெல்லாம் பார்க்க வேண்டியதில்லை. தராசில் வை, ஈய விலையைக் கேள், காசைக் கொடு, முடிந்தது. காயலான் கடைக்கு (காயல்பட்டினத்துக்காரர்கள் ஆரம்பித்த கடை என்பதால் அந்தப் பெயர் என்று சொல்வார்கள்) இதைவிட ஏற்ற சரக்கு கிடையாது.

என் சித்தப்பா சேலத்தில் இருபத்தைந்து வருஷமாக இதைத்தான் செய்கிறார். இன்வெர்ட்டர் பேட்டரி, லாரி பேட்டரி வாங்குவார், மொத்தமாகச் சேர்த்து உருக்காலைக்கு அனுப்புவார். அவர் மகன், எனக்குத் தம்பி முறை, பி.இ. முடித்தவன். இப்போது லித்தியம் பேட்டரி உடைக்கிற யூனிட் போட வேண்டும் என்று நிற்கிறான். ஒரு மிஷின்காரர் கொட்டேஷனும் வீடியோவும் அனுப்பியிருக்கிறார். வீடியோவில் ஒரு பக்கம் பேட்டரி போகுது, இன்னொரு பக்கம் கறுப்புத் தூள் வருது, பின்னணியில் உற்சாகமான இசை. முதலீடு, வீட்டுப் பத்திரத்தின் மேல். "ஈயத்துக்குத் தராசு போதும். இதுக்கு என்ன போதும்னு சொல்லச் சொல்லு" என்று சித்தப்பா என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். நான் வியாபாரி இல்லை. பழைய கதைகளைத் தோண்டத்தான் எனக்குத் தெரியும். அதனால் தோண்டினேன். இந்தப் பதிவு அந்தக் குறிப்புகள்தான்.

லித்தியம் பேட்டரி மறுசுழற்சியில் குடும்பமாக இறங்கியவர்கள் என்று தேடினால் வரலாற்றில் முதலில் தட்டுப்படுவது கலிஃபோர்னியாவின் கின்ஸ்பர்ஸ்கி பிரதர்ஸ். பெயரிலேயே அண்ணன் தம்பி இருக்கிறார்கள் பாருங்கள். 1950களில் பழைய உலோக வியாபாரமாகத் தொடங்கி, பிறகு பேட்டரிக்கு வந்தவர்கள். கிட்டத்தட்ட நம்ம சித்தப்பா போன பாதை. இந்தக் குடும்பம் நடத்திய டாக்ஸ்கோ என்ற கம்பெனி 1990களின் முற்பகுதியில் கனடாவில், பிரிட்டிஷ் கொலம்பியாவின் டிரெயில் என்ற சின்ன ஊரில் லித்தியம் பேட்டரிகளை வாங்கி உடைக்க ஆரம்பித்தது.

அப்போது செல்போன் குப்பை ஏது? சோனி முதல் லித்தியம்-அயன் பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்ததே 1991-ல். டாக்ஸ்கோவுக்கு வந்த ஆரம்ப சரக்கில் முக்கியமானது ராணுவம் கழித்துக்கட்டிய லித்தியம் பேட்டரிகள், அதாவது ரீசார்ஜ் செய்ய முடியாத, உள்ளே லித்தியம் உலோகமாகவே இருக்கிற வகை. தண்ணீர் பட்டால் பற்றிக்கொள்ளும். டாக்ஸ்கோ செய்த தந்திரம், அவற்றைத் திரவ நைட்ரஜனில் முக்கி மைனஸ் 196 டிகிரி வரைக்கும் குளிர வைப்பது. அந்தக் குளிரில் லித்தியம் கிட்டத்தட்ட மரத்துப்போய்விடும். அப்போது அரைத்தால் சண்டை போடாது. பிறகு கரைத்து, லித்தியம் கார்பனேட்டாக எடுப்பார்கள்.

இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. இவ்வளவு செலவு செய்து எடுத்த லித்தியம் அன்றைக்கு விற்ற விலைக்கு இது கட்டுப்படியாகவே ஆகாது. அப்புறம் எப்படிப் பிழைத்தார்கள்? பேட்டரியை அனுப்பியவர்கள் காசு கொடுத்தார்கள். ஈய பேட்டரியில் கடைக்காரர் உனக்குக் காசு கொடுத்து வாங்குகிறார். இங்கே நீ கடைக்காரருக்குக் காசு கொடுத்துத் தள்ளிவிடுகிறாய். கின்ஸ்பர்ஸ்கி குடும்பம் விற்றது லித்தியம் இல்லை. "இந்தச் சனியன் என் இடத்தில் இருக்க வேண்டாம்" என்கிற நிம்மதியைத்தான் விற்றார்கள். லாபம் பயத்திலிருந்து வந்தது, உலோகத்திலிருந்து அல்ல.

டிரெயில் பற்றி ஒரு சின்ன விலகல், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே பெரிய ஈய-துத்தநாக உருக்காலை உண்டு. அதன் கந்தகப் புகை எல்லை தாண்டி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில விவசாயிகளின் பயிரைக் கருக்கியது. இரண்டு நாடுகளும் நடுவர் மன்றத்துக்குப் போய், 1938-லும் 1941-லும் தீர்ப்பு வந்தது: கனடா நஷ்டஈடு கொடுக்க வேண்டும், தன் மண்ணிலிருந்து கிளம்பும் புகையால் பக்கத்து நாட்டைக் கெடுக்க ஒரு நாட்டுக்கு உரிமை இல்லை. சர்வதேசச் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிறவர்கள் இன்றைக்கும் இந்த வழக்கில்தான் தொடங்குகிறார்கள். புகைக்கு யார் காசு கொடுப்பது என்ற கேள்வி உலகப் புகழ் பெற்ற ஊரிலேயே பழைய பேட்டரிக்கு யார் காசு கொடுப்பது என்ற கேள்வியும் வந்து உட்கார்ந்தது தற்செயல்தான். ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

அமெரிக்காவுக்கு எதிர்முனையில் ஐரோப்பாவின் யூமிகோர். இதைக் குடும்பம் என்று சொல்ல வழியே இல்லை. 1906-ல், பெல்ஜிய மன்னரின் ஆட்சியில் இருந்த காங்கோவில், கட்டாங்காவின் செம்பைத் தோண்ட உருவான யூனியன் மினியேர்தான் இதன் மூதாதை. காங்கோ விடுதலை அடைந்த பின் மொபுட்டு அங்கிருந்த சுரங்கங்களை அரசுடைமை ஆக்கினார். சுரங்கம் போனது, ஆனால் பெல்ஜியத்தின் ஹோபோக்கனில் உருக்காலையும் உலோகம் பிரிக்கிற அறிவும் மிச்சம் இருந்தன. 2001-ல் யூமிகோர் என்று பெயர் மாறிய அதே கம்பெனி, 2011-ல் ஹோபோக்கனில் வருஷத்துக்கு 7,000 டன் பேட்டரி உருக்குகிற ஆலையைத் திறந்தது. உலகத்தின் கோபால்ட்டில் பெரும்பகுதி இன்றைக்கும் காங்கோவிலிருந்துதான் வருகிறது. ஆக, ஒரு காலத்தில் காங்கோ மண்ணைத் தோண்டியவர்கள், அதே மண்ணின் கோபால்ட்டை நம் பழைய செல்போனிலிருந்து இரண்டாவது முறை தோண்டுகிறார்கள். அந்த உலையில் கோபால்ட், நிக்கல், செம்பு கீழே தேறிவிடும். லித்தியம் கசடோடு போய்விடும். பெயர்தான் லித்தியம் பேட்டரி மறுசுழற்சி. ரொம்ப காலம் அந்தத் தொழிலில் யாரும் லித்தியத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஏன் என்பதற்குப் பள்ளிக்கூட வேதியியல் போதும். சோனியின் முதல் பேட்டரியில் நேர்முனையில் இருந்தது லித்தியம் கோபால்ட் ஆக்சைடு (குட்இனஃப் ஆக்ஸ்ஃபோர்டில் 1980-ல் கண்டது, அதற்கு நோபல் கிடைத்தது 2019-ல், அவருடைய 97 வயதில்). அணு எடைகளைக் கூட்டிப் பாருங்கள். அந்தத் தூள் 100 கிலோவில் 60 கிலோ கோபால்ட், 7 கிலோதான் லித்தியம். செல்போனும் லேப்டாப்பும் குப்பையாக வந்த காலத்தில் கருந்தூள் என்றால் கோபால்ட் என்று அர்த்தம். அதை நம்பித்தான் ஆசியாவெங்கும் உடைக்கிற பட்டறைகள் முளைத்தன.

பிறகு பேட்டரி செய்கிறவர்கள் கோபால்ட்டைக் குறைக்க ஆரம்பித்தார்கள். விலை ஜாஸ்தி, காங்கோ சுரங்கங்களில் குழந்தைகள் வேலை செய்கிற கெட்ட பெயர் வேறு. இப்போது கார்களில் வரும் 811 என்கிற வகை நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட் தூளில் 100 கிலோவுக்கு 48 கிலோ நிக்கல், வெறும் 6 கிலோ கோபால்ட். எல்.எஃப்.பி. என்கிற இரும்பு பாஸ்பேட் வகையில் கோபால்ட்டும் இல்லை, நிக்கலும் இல்லை. 35 கிலோ இரும்பு, நாலரை கிலோவுக்கும் கொஞ்சம் குறைவாக லித்தியம், மற்றது பாஸ்பேட். இரும்பை எடுக்க யாராவது பேட்டரி உடைப்பார்களா? பேட்டரி செய்பவருக்கு இது சாதனை. உடைப்பவருக்கு, அவன் சோற்றுத் தட்டிலிருந்து கறியை ஒவ்வொரு துண்டாக எடுத்த மாதிரி. உலகம் முழுக்கப் பஸ், ஆட்டோ, வீட்டு இன்வெர்ட்டர் எல்லாம் இந்த எல்.எஃப்.பி. பக்கம் போய்க்கொண்டிருக்கின்றன. தம்பியிடம் நான் முதலில் கேட்டது இதுதான்: "உனக்கு எந்த பேட்டரிடா வரப்போகுது?" அவனிடம் பதில் இல்லை. மிஷின் வீடியோவிலும் இல்லை.

காசு ஓடும் திசை நடுவில் ஒரு தடவை தலைகீழானது. அதைச் சொல்லாமல் விட்டால் கதை தப்பாகிவிடும். 2018-ல் கோபால்ட் டன் 90,000 டாலரைத் தாண்டியது; அடுத்த வருஷமே 30,000-க்குக் கீழே போனது. அப்புறம் லித்தியத்தின் முறை. 2022 நவம்பரில் சீனாவில் லித்தியம் கார்பனேட் டன் ஆறு லட்சம் யுவானை நெருங்கியது. அந்த நாட்களில் பழைய பேட்டரியை அடித்துப்பிடித்து, காசு கொடுத்து வாங்கினார்கள். எல்.எஃப்.பி. உட்பட. மிஷின்காரர்கள் காட்டும் லாபக் கணக்குகளில் பல இந்தக் காலத்து விலையில் போட்டவை என்பது என் சந்தேகம். ஏனென்றால் 2023 முடியும்போது அதே லித்தியம் கார்பனேட் சுமார் ஒரு லட்சம் யுவானுக்கு வந்துவிட்டது. ஆறில் ஒரு பங்கு. பதிமூன்று மாதத்தில்.

அந்தச் சரிவில் பெரியவர்களே தாங்கவில்லை. டொரண்டோவில் 2016-ல் இரண்டு பொறியாளர்கள் தொடங்கிய லை-சைக்கிள் நியூயார்க் பங்குச்சந்தை வரைக்கும் போன கம்பெனி. அவர்களுடைய திட்டம் அழகானது: ஊர் ஊராகச் சின்ன ஆலைகளில் பேட்டரியை அரைத்துக் கருந்தூள் ஆக்குவது, அதையெல்லாம் ஒரே பெரிய ஆலைக்குக் கொண்டுபோய் உலோகம் பிரிப்பது. சைக்கிள் சக்கரத்தின் கம்பியும் குடமும் போல. அந்தக் குடம், நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் கட்டிக்கொண்டிருந்த ஆலை, செலவு கைமீறி 2023 அக்டோபரில் நின்றது. 2025-ல் கம்பெனியே கடன் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போய், கடைசியில் கிளென்கோர் கைக்கு வந்தது. கம்பி போட நிறையப் பேரால் முடியும். குடம் செய்யத்தான் பல கோடி டாலரும், விலை விழுந்தால் தாங்குகிற முதுகும் வேண்டும். நம்ம ஊரில் அண்ணன் தம்பி தொடங்கிய கதை என்று எல்லோரும் காட்டுவது ரூர்க்கியின் அட்டெரோவை. 2008-ல் குப்தா சகோதரர்கள் ஆரம்பித்தது. ஆனால் அவர்களும் முதலில் மின்னணுக் கழிவில் கால் ஊன்றி, வெளி முதலீடு வாங்கி, அப்புறம்தான் லித்தியத்துக்கு வந்தார்கள்.

இனி நெருப்பு. சித்தப்பா கேட்டதற்கான பதிலில் பாதி இதில்தான் இருக்கிறது.

ஈய பேட்டரி கொல்லும், ஆனால் மெதுவாக. லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் வெர்னனில் ஓர் ஈய பேட்டரி உருக்காலை 2015-ல் நிரந்தரமாக மூடப்பட்டது. சுற்றிலும் ஆயிரக்கணக்கான வீட்டு முற்றங்களில் ஈயம். கம்பெனி 2020-ல் திவால், மண்ணை அள்ளும் செலவில் பெரும்பகுதி அரசாங்கத்தின் தலையில். வாசலில் நடந்த வியாபாரத்தில் இல்லாத மூன்றாவது ஆள்தான் கடைசியில் காசு கொடுத்தான். லித்தியம் அப்படி வருஷக்கணக்கில் காத்திருக்காது. செத்துப்போன பேட்டரி என்று நாம் சொல்வது உண்மையில் சாவதில்லை, உள்ளே கொஞ்சம் சார்ஜ் இருந்துகொண்டே இருக்கும். ஒரு செல் நசுங்கி உள்ளே ஷார்ட் ஆனால் சூடு பக்கத்து செல்லுக்குப் போகும், அது அதற்கடுத்ததை எழுப்பும். உள்ளே இருக்கும் லித்தியம் உப்பு ஈரத்தோடு சேர்ந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடு ஆகும். நுரையீரலுக்கு அது விஷம்.

டாக்ஸ்கோ கதைக்குத் திரும்புகிறேன். 2009 ஆகஸ்டில் அமெரிக்க அரசு மின்வாகன பேட்டரிகளுக்கென்று 240 கோடி டாலர் அறிவித்தபோது, அதில் 95 லட்சம் டாலர் டாக்ஸ்கோவின் ஒஹாயோ ஆலைக்குக் கிடைத்தது. ஒரு பழைய உலோக வியாபாரக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய விஷயம்! மூன்றே மாதத்தில், நவம்பரில், டிரெயிலில் தீ. மைனஸ் 196 டிகிரியில் லித்தியத்தை அடக்குகிற அந்தச் சாமர்த்தியமான மிஷினில் இல்லை. தன் முறைக்காகப் பேட்டரிகள் காத்துக்கிடந்த கிடங்கில். 2024 அக்டோபரில் அமெரிக்காவின் மிசௌரியில் ஃபிரெடெரிக்டவுன் ஆலை எரிந்தது. பக்கத்தில் இருந்தவர்களை வீட்டை விட்டு வெளியேறச் சொன்னார்கள். எல்லோரும் மிஷினுக்குக் கொட்டேஷன் கேட்கிறார்கள். குடோனுக்கு யாரும் கேட்பதில்லை: எத்தனை நாள் சரக்கு தேங்கலாம், ஒரு குவியலுக்கும் அடுத்த குவியலுக்கும் எவ்வளவு இடைவெளி, மணல் எங்கே, ராத்திரி யார் பார்ப்பது, வீங்கின பேட்டரியை எங்கே தனியாக வைப்பது.

தென்கொரியாவின் ஹ்வாசோங்கில் 2024 ஜூன் 24 அன்று நடந்தது மறுசுழற்சி ஆலை விபத்து அல்ல; அது லித்தியம் பேட்டரி செய்கிற தொழிற்சாலை. ஆனாலும் தம்பிக்கு நான் படித்துக் காட்டியது அதைத்தான். இரண்டாவது மாடியில் அடுக்கியிருந்த பேட்டரிகளில் ஒன்று வெடித்து, கொஞ்ச நேரத்தில் மாடி முழுக்கப் புகை. 23 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் வெளிநாட்டுத் தொழிலாளிகள்; வழி தெரியவில்லை. 2025 செப்டம்பரில் விசாரணை நீதிமன்றம் நிறுவனத் தலைவருக்கு 15 வருஷம் சிறைத் தண்டனை கொடுத்தது. அங்கே மேலதிகாரியாக இருந்த அவர் மகனுக்கும் 15 வருஷம். அப்பனும் மகனும் சேர்ந்து நடத்துகிற தொழில் என்றால் இதுவும் அதில் அடக்கம். சித்தப்பா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அவர் குடோனுக்கு மேல்மாடியில்தான் வீடு.

அப்படியானால் வேண்டவே வேண்டாமா? நான் அப்படிச் சொல்லவில்லை. இந்தியாவில் 2001 விதிகள் ஈய-அமில பேட்டரிக்கு மட்டும்தான் இருந்தன. 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள்தான் லித்தியத்தையும் உள்ளே இழுத்தன. அதன்படி பேட்டரியைச் சந்தையில் விட்டவர்தான் அதைத் திரும்பச் சேர்த்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பாளி. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமிருந்து அதற்கான சான்றிதழை அவர் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். சட்ட பாஷையை உரித்துப் பார்த்தால், காசு ஓட வேண்டிய திசையைத் திருப்பும் முயற்சி இது. டிரெயிலில் முப்பது வருஷம் முன்னால் பயம் செய்த வேலையை இங்கே சட்டம் செய்யப் பார்க்கிறது. நிபந்தனையும் உண்டு: 2026-27 முதல் கையடக்கப் பேட்டரிகளிலும் மின்வாகனப் பேட்டரிகளிலும் 90 சதவீதப் பொருளை மீட்டாக வேண்டும். தகரக் கொட்டகையில் சுத்தியலை வைத்துக்கொண்டு இதை எட்ட முடியாது. 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை முக்கியக் கனிமங்களின் மறுசுழற்சிக்கு 1,500 கோடி ரூபாய் ஊக்கத்திட்டம் ஒப்புக்கொண்டது; அதில் மூன்றில் ஒரு பங்கு சின்ன, புதிய ஆட்களுக்கு. ஆனால் அது உலோகத்தைப் பிரித்தெடுப்பவர்களுக்கு. கருந்தூளோடு நிறுத்திக்கொள்பவர்களுக்கு இல்லை.

என் கணிப்பில், ஒரு குடும்பத்தால் நன்றாகச் செய்ய முடிகிற பகுதி முன்பாதி: சேகரிப்பது, வகை பிரிப்பது, சார்ஜ் இறக்குவது, பேக்கைக் கழற்றி நல்ல செல்லைச் சோதித்து எடுப்பது, மீதியைப் பத்திரமாக அனுப்புவது. ஊரில் யார் கடையில் எவ்வளவு சரக்கு தேங்கியிருக்கு என்று தெரிந்தவன் செய்கிற வேலை இது. சித்தப்பாவுக்கு அது தலைகீழ்ப் பாடம். டாக்ஸ்கோ 2013-ல் ரெட்ரீவ் என்று பெயர் மாற்றிக்கொண்டு, 2021-ல் இன்னொரு குடும்பத்தின் ஹெரிடேஜ் குழுமத்தோடு போய், 2022-ல் சிர்பா ஆனது. அதே வருஷம் அதே ஒஹாயோ ஆலைக்கு அரசு மானியம் கிட்டத்தட்ட ஏழரைக் கோடி டாலர். வாங்கினவர்கள் திரவ நைட்ரஜன் தொட்டிக்காக வாங்கியிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. உரிமங்களுக்கும், பல வருஷமாகப் பேட்டரி அனுப்பிக்கொண்டிருக்கும் வாடிக்கையாளர் பட்டியலுக்கும்தான் மதிப்பு.

மிஷின் கொட்டேஷன் இப்போதைக்கு மேஜை டிராயரில் இருக்கிறது. தம்பி எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் டீலர்கள், சர்வீஸ் சென்டர்களாக ஏறி இறங்குகிறான். "உங்ககிட்ட கிடக்கிற பழைய லித்தியம் பேட்டரிய நாங்க எடுத்துட்டுப் போறோம், அதுக்கு எங்களுக்கு என்ன குடுப்பீங்க?" இதுதான் கேள்வி. மூன்று பேர் சிரித்திருக்கிறார்கள். நாலாவது ஆள், வீங்கின பேட்டரி ரெண்டை ஆறு மாசமாகக் கடைக்குப் பின்னால் ஒரு மணல் வாளியில் வைத்திருப்பவர், எவ்வளவு என்று கேட்டாராம்.